தோற்றவர் உட்கார வேண்டும்

இன்று நான் யாரோடு கேரம் ஆடினேன் தெரியுமா? பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வண்டி ஸ்டாண்டு வைத்திருக்கிறாரே, நம் டோக்கன் அண்ணன், அவரோடு. தினமும் அவரிடம்தான் வண்டியை விடுகிறேன். முகத்தைச் சரியாகப் பார்த்தது இன்றுதான்.

ஞாயிறு, நாலு மணி. பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. தகரக் கூரைக்கு அடியில் பலகையைக் காட்டி, ஒரு ஆட்டம் போடலாமா என்றார். மடமடவென்று ஆடி, சிவப்பையும் நானே போட்டு ஜெயித்தேன். குதிக்காத குறைதான். அவர் கையில் ஒட்டிய பவுடரைத் தட்டிவிட்டு, டோக்கன் கட்டோடு மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம்தான் விஷயம் வந்தது. அது அவர் தாத்தா போட்ட சட்டமாம். கடைசி வண்டி கிளம்பும்வரை ஒருவர் அங்கே இருந்தே ஆக வேண்டும். அதனால் ஞாயிறு நாலு மணிக்கு வீட்டு ஆண்கள் ஒரு ஆட்டம் போடுவார்கள். தோற்றவர் காவல், மற்றவர்கள் சினிமா. அப்பா காலத்தில் வாராவாரம் அப்பாவே தோற்பார். எங்கள் அண்ணனுக்குக் காயைப் பார்த்தாலே கண் கட்டிவிடும் என்று அப்பாவைச் சித்தப்பாக்கள் கேலி பேசிக்கொண்டே கிளம்புவார்களாம். இவரும் கூடப் போவார்.

ஒருநாள் மறந்த பர்ஸை எடுக்கப் பாதி வழியில் திரும்பி வந்திருக்கிறார். அப்பா தனியாக ஆடிக்கொண்டிருந்தார். ஒன்பது காயும் வரிசையாகக் குழியில் விழுந்தன.

"உள்ள போகாம அப்படியே திரும்பிட்டேன் தம்பி. என்ன படம் பார்த்தேன்னுகூட ஞாபகமில்ல."

இப்போது அப்பாவும் இல்லை, சித்தப்பாக்களும் இல்லை. ஞாயிறானால் வலது கைக்கும் இடது கைக்கும் ஆட்டம் வைக்கிறார்.

"எந்தக் கை தோத்தாலும் உக்காரப்போறது நான்தானே," என்று சிரித்தார்.

இன்று என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் இருந்தது. இரண்டு தெரு தள்ளிப் பள்ளி மைதானத்தில், ஐந்து மணிக்கு அவர் மகளுக்கு ஓட்டப்பந்தயம். மகள் ஓடி ஒருமுறைகூட அவர் பார்த்ததில்லை. நான் தோற்றிருந்தால் என்னை உட்கார வைத்துவிட்டுப் போயிருப்பார். பஸ் போனால் போகிறது, நான் உட்கார்கிறேன், நீங்கள் போங்கள் என்று கெஞ்சினேன்.

"ஜெயிச்சவன் உக்காந்தா, எங்கப்பா அத்தனை வருஷம் உக்காந்ததுக்கு என்னப்பா அர்த்தம்?"

மைதானத்து விசில் அங்கே வரை கேட்டது. அவர் தலை நிமிர்ந்தது. கை, யாருக்கோ டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தது.

மகள் ஜெயித்துவிட்டாள். அடுத்த ஞாயிறு, அதே ஐந்து மணிக்கு இறுதிப் போட்டி. நான் போனால் சந்தேகப்படுவார். இதைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புங்கள். நன்றாக ஆடுகிறவர் யாராவது நாலு மணிக்குப் போய்த் தோற்றுவிட்டு உட்காருங்கள். ஆனால் கவனமாகத் தோற்க வேண்டும். வேண்டுமென்றே தோற்பவரை அவர் கண்டுபிடித்துவிடுவார்.