ஒரு தடவைதான் கேட்டார்

ரங்கூனில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் எதை நீட்டினாலும் முதலில் வேண்டாம் என்போம். இரண்டாம் தடவையும் வேண்டாம். மூன்றாம் தடவை வாங்கிக்கொள்வோம். அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்கிறோமே என்ற அந்தக் கூச்சத்துக்குப் பர்மியப் பேச்சில் ஆனாடே என்று பெயர். எங்கள் தமிழ் வீடுகளிலும் அப்படியே சொல்வோம். அந்தப் பாழாய்ப்போன ஆனாடேதான் என் பிழைப்பைக் கெடுத்தது.

எண்பத்தெட்டில் மாணவர் போராட்டம் வெடித்ததும் கல்லூரிகளை மூடினார்கள். திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். நான் பட்டம் வாங்குவதற்குள் முப்பதை நெருங்கிவிட்டேன். பிறகு ஓர் இரத்த ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. அங்கே தலைவரும் தமிழர்தான். பத்து வருஷம் வெளிநாட்டில் மரபணு ஆராய்ச்சி செய்துவிட்டுத் திரும்பியவர். ஊர் வழக்கப்படி அவரை ஸயா, அதாவது ஆசிரியர், என்று கூப்பிடுவோம்.

நாங்கள் ஆராய்ந்தது தலசீமியா. பரம்பரையாக வரும் இரத்தச்சோகை அது. சில பிள்ளைகளுக்கு மாதாமாதம் இரத்தம் ஏற்றியாக வேண்டும். இன்சீன் ரயில்வே குடியிருப்பில் வீடு வீடாக ஏறி நான்தான் இரத்தம் எடுத்தேன். அலோன் படகுத்துறையில் மீனுக்கு உடைக்கும் ஐஸை முதல்நாளே வாங்கி வைத்து, அதில் குப்பிகளைப் புதைத்து, ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவருவேன். மரபணுவைப் பெருக்கும் இயந்திரம் ஓடும்போது மின்சாரம் போனால் அன்றைய வேலை மொத்தமும் வீண். மூன்று வருஷம் இப்படியே மல்லுக்கட்டினேன்.

ஒரு நாள் ஆய்வுப் படத்தில் ஒரு குடும்பத்தின் மரபணுப் பட்டைகள் மட்டும் இடம் மாறி நின்றன. ஓடிப்போய் ஸயாவைக் கூட்டிவந்து காட்டினேன். வெளிநாட்டுக்கு அனுப்பிச் சரிபார்த்தார்கள். அதுவரை யாரும் எழுதாத மரபணு மாற்றம் என்று பதில் வந்தது. அடேயப்பா, அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை.

அதே சமயம் வெளிநாட்டில் மேற்படிப்புக்கு எனக்கு ஓர் இடம் கிடைக்கும்போல் இருந்தது. என் பெயர் போட்ட கட்டுரை ஒன்று வேண்டும் என்றார்கள். ஒன்றே ஒன்று போதும்.

ஸயா கட்டுரையைத் தட்டச்சு செய்து முடித்துவிட்டுக் கேட்டார்.

“உன் பேரையும் போடட்டுமாம்மா?”

“ஐயோ, வேணாம் ஸயா. நான் என்ன பெருசா செஞ்சிட்டேன்?”

இன்னொரு தடவை கேட்பார் என்று நின்றேன். அவர் தாள்களை உறையில் போட்டு ஒட்டினார்.

கட்டுரை அச்சாகி வந்தபோது தலைப்பின் கீழே அவர் பெயரும் வெளிநாட்டுக்காரர் இருவர் பெயரும் இருந்தன. கடைசி வரியில், இரத்தம் சேகரித்துத் தந்த உதவியாளருக்கு நன்றி. மேற்படிப்பு இடம் வேறு யாருக்கோ போயிற்று. நான் அதே மேஜையில் இருந்துவிட்டேன்.

பத்து வருஷம் கழித்து ஓர் இணையக் கடையில் உட்கார்ந்து அந்தக் கட்டுரையைத் தேடினேன். எந்தெந்த ஊரிலிருந்தோ எத்தனையோ பேர் அதை மேற்கோள் காட்டியிருந்தார்கள். திரையை உருட்ட உருட்ட மேற்கோள்கள் வந்துகொண்டே இருந்தன. எல்லாம் அவர் பெயரில். எனக்கு வயிறு எரிந்தது. ஒளிப்பானேன்?

அந்த மேற்கோள்களை வைத்தே அவருக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். அழைப்பிதழ் கொடுக்க அவரே வீட்டுக்கு வந்தார். அன்றைக்குத்தான் என் வாய் திறந்தது.

“என் பேரை ஏன் ஸயா போடலை?”

“கேட்டேனேம்மா. நீதானே வேணாம்னே? அத்தனை வருஷம் வெளிநாட்டுல இருந்தவன். அங்க வேணாம்னா வேணாம்தான். நம்ம ஊர்ப் பழக்கமெல்லாம் எனக்கு மறந்தே போச்சு.”

இருக்கலாம் என்று நினைத்தேன். இத்தனை வருஷமாக ஒரு மனுஷனை வீணாகத் திட்டித் தீர்த்தேனோ என்றுகூட வருந்தினேன். உள்ளே போய் நூடுல்ஸில் மீன் குழம்பு ஊற்றி ஒரு கிண்ணம் மொஹிங்கா கொண்டுவந்தேன். எலுமிச்சை பிழிந்ததில் வாசனை தூக்கியது.

“சாப்பிடுங்க ஸயா.”

“வேணாம்மா, உனக்கெதுக்குச் சிரமம்?”

சொல்லிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். இரண்டாம் தடவைக்காகக் காத்திருந்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. இந்த மனுஷனுக்கு எதுவும் மறக்கவில்லை.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

“என்னம்மா, இன்னொரு தடவை கேக்க மாட்டியா?” என்று சிரித்தார்.

“நீங்க கேட்டீங்களா ஸயா?”

அவர் சிரிப்பு நின்றது. மடித்த சட்டைக் கையை மெல்லக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டார். அழைப்பிதழை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அந்த மொஹிங்காவை நானே சாப்பிட்டேன். ஆறிப்போயிருந்தது.