மத்தி மணக்கும் திசை

மட்டாஞ்சேரி பிச்சுமணிக்கு ஆலுவா அருகே ஓர் உரத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி வேலை. வாயு கசிந்தால் காற்று வரும் திசையை நோக்கி ஓட வேண்டும் என்று எழுபதுகள் முழுக்கச் சொல்லிப் பார்த்தார். ஒத்திகைச் சங்கு ஊதினால் தொழிலாளர்கள் சைக்கிள் நிறுத்திய பக்கம்தான் ஓடினார்கள். ஒரு முறை, மறுநாள் நடக்கவிருந்த ஒத்திகையைப் பார்க்க அரசு ஆய்வாளர் வருவதாக இருந்தது. இதிலும் சொதப்பினால் சாக்குக் கிடங்குக்கு மாற்றல் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

பிச்சுமணி கேண்டீன் சமையல்காரி ஒச்சம்மாளிடம் போனார்.

"நாளைக்குக் காத்து மேக்கேருந்துதான் வரும். மேக்கு கேட்டுல அடுப்பை வெச்சு மத்தி வறுக்கணும்."

"யாரு, சாமியா சொல்றது? பூணூல் கோவிச்சுக்கப் போவுது."

"மெள்ளப் பேசு. மட்டாஞ்சேரி வரைக்கும் கேட்டா ஆத்துல எனக்குச் சோறு கிடையாது."

மறுநாள் சங்கு ஊதியது. மீன் வாசனை காற்றோடுதானே வரும்? வாசனை வந்த பக்கமே எல்லோரும் பாய்ந்தார்கள். கிரேன் ஓட்டும் குஞ்ஞப்பன், "சேட்டன்மாரே, ஓடிக்கோ, மத்தி இப்போ தீரும்!" என்று முன்னால் போனார்.

ஆய்வாளர் அசந்துபோனார். "எல்லாரும் சரி. ஒருத்தர் மட்டும் மூக்கைப் பொத்திக்கிட்டு அமோனியா டாங்கி பக்கம் ஓடினாரே, யார் அது?"

"எங்க பாதுகாப்பு அதிகாரி சார்" என்றார் மேலாளர்.

மாற்றல் வரவில்லை. அடுத்த வாரம் நடந்த பயிற்சி வகுப்பில் குஞ்ஞப்பன் பாடம் எடுத்தார். முதல் பெஞ்சில் பிச்சுமணி.