ஏன் ஒன்று இல்லை?

போதை மறுவாழ்வுப் பிரிவில் அந்த நர்சுக்கு ரேடியோ என்று பெயர். வைத்தவர்கள் நோயாளிகள், டாக்டரம்மா முதல் தரை கூட்டுகிறவர் வரை எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள். உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் வாய் ஆடும். ஒரு ஊசி போட்டு முடிப்பதற்குள் குடும்பம், கல்லீரல், பிள்ளைகளின் படிப்பு மூன்றையும் பற்றிப் புத்தி சொல்லி முடித்துவிடுவாள். குடித்துக்கொண்டிருந்த சொந்த அண்ணனுக்கும் அப்படித்தான் சொன்னாள், கடைசி வாரம் வரை. அவன் எல்லாவற்றுக்கும் “சரிம்மா” என்று தலையாட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தான்.

அப்படிப்பட்டவளிடம் டாக்டரம்மா ஒரு நாள், “இனிமே இங்க யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது” என்றாள்.

டாக்டரம்மா ஆராய்ச்சிக் கட்டுரைகளைக் கட்டுக்கட்டாகப் படிப்பவள். அடுத்தவர் அடுக்கும் காரணங்களைவிட, குடிக்கிறவர் தன் வாயால் சொல்லும் ஒரு காரணம்தான் அவருக்குள் நிற்கும் என்பது அவள் படித்ததன் சாரம்.

“படிக்க நல்லாத்தான் இருக்கும். வெளிய கூட்டம் நிக்கிறப்ப எப்படிச் செய்யறது?” என்றாள் ரேடியோ.

டாக்டரம்மா அத்தனையையும் இரண்டு கேள்விகளாகச் சுருக்கிக் கொடுத்தாள். குடியை விடும் எண்ணம் பத்துக்கு எவ்வளவு? என்ன எண் சொன்னாலும், அதைவிடக் குறைவாக ஏன் சொல்லவில்லை? கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மூன்றாவதுதான் கஷ்டம்.

ஒரு பெயிண்டரை அவர் மனைவி கூட்டி வந்தாள். குடியை விட்டுவிட்டு மறுபடி தொடங்கியிருந்தார். “இந்தத் தடவையும் சரிவரலன்னா புள்ளையக் கூட்டிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்” என்று கதவருகில் நின்றே சொல்லிவிட்டு அவள் வெளி பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

“விடணும்கிற எண்ணம் பத்துக்கு எவ்வளவு இருக்கு?”

“என்ன சிஸ்டர், பரீட்சையா? மூணு போட்டுக்கங்க. பாஸாக மாட்டேன்.”

அவளுக்குச் சுருக்கென்றது. “மூணுதானா? ஏன் பத்து இல்ல?” வாய் முந்திக்கொண்டது.

கேட்ட கேள்விக்கு அவர் ஒழுங்காகப் பதில் சொன்னார். உடம்பு வலி. பெயிண்ட் நெடி. குடிக்காவிட்டால் தூக்கமில்லை. கூட வேலை செய்கிறவர்கள் சும்மா விடுவதில்லை. சொல்லச் சொல்ல அவர் முதுகு நிமிர்ந்தது. “நீங்க கேட்டப்புறம்தான் எனக்கே தெளிவாச்சு. நம்மால ஆகாது சிஸ்டர்” என்று கும்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

“குடிக்கிறதுக்கான காரணத்தையெல்லாம் அவர் வாயாலயே சொல்ல வச்சுட்டியே” என்றாள் டாக்டரம்மா. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அடுத்து வரச் சொன்ன நாளில் பெயிண்டர் வரவில்லை. ரேடியோ வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தாள். அடுக்கிய மருந்துத் தட்டையே மறுபடி அடுக்கினாள். பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துத் தூளாக்கினாள். கடைசியில் போனை எடுத்தாள். மறுமுனையில் சுவரில் உப்புத்தாள் தேய்க்கும் சத்தம்.

“திட்டவா கூப்பிட்டீங்க சிஸ்டர்?”

“இல்ல. அன்னிக்குக் கேள்விய மாத்திக் கேட்டுட்டேன். திரும்பக் கேக்கவா?”

“மறு பரீட்சையா?” சிரித்தார். “இப்ப ரெண்டுதான். காலைல அவ பெட்டி கட்ட ஆரம்பிச்சுட்டா.”

“ரெண்டே இருக்கட்டும். ஏன் ஒண்ணுன்னு சொல்லலண்ணே?”

சொன்ன பிறகுதான் அந்த ‘அண்ணே’ அவள் காதிலேயே விழுந்தது. நோயாளி யாரையும் அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை.

உப்புத்தாள் நின்றது. அவள் கால் மேசைக்கடியில் படபடவென்று ஆடியது.

“கீழ ஏணியப் புடிச்சிட்டு நிக்கிறது என் மச்சான்” என்றார் மெதுவாக. “காலைல கை நடுங்குது. நான் விழுந்தா அவன் தலையிலதான் விழுவேன். அவன் வேற ஒல்லிக்குச்சி.”

அவள் வாய் நிறைய வார்த்தை வந்து முட்டியது. இதைத்தானே நானும் சொல்கிறேன், பெண்டாட்டி பிள்ளையை நினைத்துப் பாருங்கள், எல்லாம். பேனா மூடியைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்தாள்.

“அப்புறம்?” என்று மட்டும் கேட்டாள்.

“இருங்க, இறங்கி வந்து பேசறேன்.”

ஏணி ஒவ்வொரு படியாகக் கிறீச்சிட்டது. அவள் மூடியைக் கடித்தபடி எழுந்து நின்றாள்.