சத்தமே போடாத ஏஜென்ட்

அமீர்பேட் மெட்ரோ படிக்கட்டில் இன்று சங்கீதாவைப் பார்த்தேன். சர்வர்களைக் கண்காணிக்கும் ஏஜென்ட் புரோகிராம் எழுத என்னிடம் கற்றுக்கொண்டவள்.

"சார், என் ஏஜென்ட் பத்து நாளா ஒரு அலர்ட்கூட அனுப்பல. எந்தக் கோளாறும் இல்லன்னு மேனேஜருக்கு ஒரே சந்தோஷம்."

"அது ஓடுதா?"

"ஹவ், ஆமா சார், ஓடாம எங்க போகும்?"

லேப்டாப்பைத் திறக்கச் சொன்னேன். இரண்டாம் நாளே நின்றுபோயிருந்தது.

'உயிரோடு இருக்கிறேன்' என்று ஏஜென்ட் நிமிடத்துக்கொரு முறை சொல்ல வேண்டும். அன்று வகுப்பை முடித்துச் சீக்கிரம் கிளம்பும் அவசரத்தில், அந்தப் பாடம் நான் கொடுத்த நோட்ஸில் இருக்கிறது என்று சொல்லித் தாண்டிவிட்டேன்.

அவள் லேப்டாப்பை மூடினாள். "என் தப்புதான் சார். நோட்ஸ முழுசா படிக்கல. மேனேஜர்கிட்ட அப்படியே சொல்லிடறேன்."

தலையாட்டினேன்.

நோட்ஸில் அந்தப் பக்கமே கிடையாது.

இதை அவளிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்கிறேன், பாருங்கள். திட்டுவதென்றால் கீழே கமென்ட்டில் திட்டலாம்.