பெஞ்சு மார்க்கும் சந்தனப் பொட்டும்

என் மகள் கம்ப்யூட்டரில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டக் கற்றுக்கொண்டவள். தஞ்சாவூர் ஸ்டுடியோக்காரர் ஒருவரிடம் வேலை கேட்டாள். உன் கம்ப்யூட்டர் பெட்டியைக் கொண்டுவா, ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாராம். அது கிடைக்காவிட்டால் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அதுதான் கவலை. கூடவே கிளம்பிவிட்டேன். அய்யம்பேட்டையில் பஸ் ஏறியதிலிருந்து பெட்டி என் மடியில்தான்.

ஸ்டுடியோக்காரருடைய பெட்டி கண்ணாடி போட்டது. உள்ளே சப்பரம் மாதிரி கலர் கலராக விளக்கு. எங்களுடையது வெறும் கறுப்புத் தகரம்.

"என்னோடது விலை கூடின பிராசஸர்மா. உங்க பொண்ணோடது கம்மி விலை. எது எவ்வளவு வேகம்னு ரெண்டுக்கும் பெஞ்ச்மார்க் பாத்துடுவோம்" என்றார்.

நான் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்ததே கொஞ்ச நாள்தான்; அப்புறம் நடவுக்குப் போய்விட்டேன். "பெஞ்சுல உக்காந்தாலே மார்க்கா? அப்பவே தெரிஞ்சிருந்தா எழுந்திரிச்சிருக்க மாட்டேனே."

"அம்மா, சும்மா இரு" என்றாள் மகள்.

இரண்டிலும் ஒரே சோதனையை ஓட்டினார்கள். எங்களுக்கு வந்தது அவர் மார்க்கில் பாதி. மகள் முகம் சுருங்கிவிட்டது. "அண்ணே, ஓவர்கிளாக் பண்ணிக் காட்டுறேண்ணே" என்றாள்.

"என்னடி அது?"

"அதோட வேகத்தை இன்னும் ஏத்தி விடுறதும்மா."

பொழுது சாய்வதற்குள் நடவை முடிக்க ஆட்களை விரட்டுவது எனக்குத் தெரியாதா? புரிந்துவிட்டது.

மார்க் ஏறத்தான் செய்தது. பிறகு பெட்டி அனலாகி, பொசுக்கென்று அணைந்துபோனது.

ஸ்டுடியோக்காரர் குனிந்து பின்பக்கத்தைப் பார்த்தார். "என்னம்மா இது, காத்துப் போற ஓட்டையெல்லாம் சந்தனம்?"

"ஆயுத பூசைக்கு நான்தான் வெச்சேன். நம்ம பொருளாச்சேன்னு பெரிய பொட்டாவே வெச்சேன்."

"அதுக்கு மூச்சு முட்டுதும்மா!"

"அருவாளுக்கு வெக்கிறேன், பம்புசெட்டுக்கு வெக்கிறேன். ஒண்ணுக்கும் முட்டலையே."

மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவர் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. ஈர்க்குச்சியால் சந்தனத்தைச் சுரண்டியெடுத்து மறுபடி ஓட்டினார்கள். இந்த முறை அணையவில்லை. அவருடையதை எட்டவும் இல்லை. முக்கால்வாசிக்கு வந்து நின்றது.

"இந்தப் பெட்டி கல்யாணம் தாங்காதும்மா, மூணு கேமரா படம். காதுகுத்து, வளைகாப்பெல்லாம் தர்றேன்" என்றார்.

மகள் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "அனுப்புங்க. கல்யாணத்துல பொண்ணு மட்டுந்தான் அழுவா. காதுகுத்துல புள்ளையோட சேந்து தாய்மாமனும் அழுவான். எது பெரிய படம்னு நீங்களே சொல்லுங்க."

ஊர் வந்து சேரும்வரை மகள் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். திருப்பூர் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.