செம்பு குறைந்த பிக்கப்

எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவில் பேஸ் கிட்டார் வாசித்தது நான். ஒரு பெண் அந்த நீளக் கிட்டாரை மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கவே கல்யாண வீடுகளில் முன்வரிசைக்கு வருவார்கள். ஆனால் அதன் சத்தம் எனக்கே பிடிக்காது. போர்வைக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் இருக்கும். கீபோர்டு வாசிக்கும் குழுத் தலைவர் ஒருநாள் சொல்லிவிட்டார்: "அடுத்து கொடுமுடி கச்சேரிங்க அம்மணி. அதுக்குள்ள சத்தம் சரியாகலீன்னா பேஸையும் நானே இடது கையில வாசிச்சுக்கறேன். நீங்க வந்து கைதட்டுனாப் போதும்."

கோளாறு எங்கே என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்போது பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். தந்திகளுக்கு அடியில், காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பி சுற்றிய பிக்கப் இருக்கும். தந்தியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது அதுதான். என்னுடையது மட்டரகம்.

உக்கடத்தில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த பாய் இரண்டு பிக்கப்புகளை எடுத்து வைத்தார். நான் தயங்கியதும், வீட்டுப் பெண்களுக்குக் காட்டப் புடவைகளைக் கொடுத்தனுப்புவதுபோல இரண்டையும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டார். "ரெண்டையும் மாட்டிப் பாருங்கம்மா. வேண்டாததைக் கொண்டாந்து குடுத்துருங்க." என் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை.

கணபதிப் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் மீட்டர் வைத்து அளந்தேன். ஒன்றில் சுற்று அதிகம். மோட்டார் வாங்கப் போனால் உள்ளே செம்பு எவ்வளவு என்று முதலில் கேட்கிற ஊர் எங்களுடையது. பட்டறையில் மோட்டார் காயில் சுற்றும் அப்பா, "செம்பு சாஸ்தியா இருக்கறதப் போட்டுரு கண்ணு" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். மாட்டி ஒரு தந்தியைத் தட்டினேன். அலமாரியில் டம்ளர்கள் நடுங்கின. "ஏனுங்க, ஊட்டுக்குள்ள லாரி வந்துபோட்டுதுங்களா?" என்று அம்மா உள்ளேயிருந்து அப்பாவைக் கேட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாய் இரண்டு பிக்கப் கொடுத்ததையும் லாரிக் கதையையும் ஒத்திகையில் எல்லோரிடமும் சொன்னேன்.

எங்கள் பாடகி அக்கா இரண்டாவது அடியிலேயே பாட்டை நிறுத்தினார். பகலில் மில் வேலை, மாலையில் பாட்டு. எதிரில் இருப்பவரின் முகம் வாடாமல் உண்மையைச் சொல்ல அவருக்கு வரும்.

"சத்தம் ஜோராத்தான் இருக்குது அம்மணி. ஆனா கீழ எறங்கிப் பாடுனா எங்குரல் எனக்கே கேக்கல. உன்ற லாரிக்குப் பொறத்தால ஓடியே வாரேன்."

எல்லோரும் சிரித்தார்கள். தலைவரின் இடது கை கீபோர்டின் கீழ்க்கட்டைகளுக்கு நகர்ந்தது. "அப்ப நான் பாத்துக்கறனுங்க."

"இருங்க," என்றார் அக்கா. "அம்மணி இன்னொண்ணு வெச்சிருக்குதில்ல? வாங்க, டீ குடிச்சுட்டு வரலாம்."

ஒருவர் விடாமல் எல்லோரையும் வெளியே அழைத்துப் போனார். யாராவது பார்த்துக்கொண்டு நின்றால் எனக்கு வேலை ஓடாது என்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ!

பையிலிருந்து சால்டரிங் அயர்னையும் செம்பு குறைந்த பிக்கப்பையும் எடுத்து, மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு இதைப் பற்றவைத்தேன்.

மறுபடி அதே பாட்டு. சத்தம் கொஞ்சம் குறைவுதான். ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் கழுவி வைத்ததுபோல் தனித்தனியாக நின்றது. அக்கா கீழ் ஸ்வரங்களுக்கு இறங்கினார். அவர் குரலும் என் தந்தியும் இடித்துக்கொள்ளாமல் பக்கத்தில் பக்கத்தில் நடந்தன. பாடிக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

தலைவர் இடது கையைக் கட்டைகளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பாட்டு முடிந்ததும், "கொடுமுடிக்கு வேன் வெள்ளனே கெளம்பிருமுங்க அம்மணி" என்றார். "இந்தக் கைக்கு அன்னிக்கு லீவு."