தலையாட்டாதவன்

குதிரை, துவக்கு, தூசி, இவை இருந்தால் அது நல்ல படம் என்பது அப்பாவின் கொள்கை. அது பழைய படமாகவும் இருந்துவிட்டால் அதில் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒளித்துப் போய்ப் பார்த்த கௌபாய் படம் ஒன்றைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் சோறு ஆறிவிடும். அந்தப் படத்தை யாரோ புதிதாக மறுபடி எடுத்திருக்கிறார்கள் என்று அறிந்ததும், அது தனக்குச் செய்த அவமரியாதை என்றே எடுத்துக்கொண்டார். ஆனாலும் இல்ஃபோர்ட் கடையொன்றில் அதன் டிவிடியை வாங்கி வந்தார். திட்டுவதற்காவது பார்க்க வேண்டுமே.

அப்போது எனக்கு ஒன்பது வயது. குட்மேய்ஸில் எங்கள் வீட்டு முன்னறையில் மாமா இருந்தார். அம்மாவின் ஒரே தம்பி, இலங்கையிலிருந்து வந்து அதிக காலம் ஆகவில்லை. வாசல் மணி அடித்தால் எல்லாரும் முன்கதவைப் பார்ப்போம், மாமா பின்கதவைப் பார்ப்பார். அவரை இந்த நாட்டில் இருக்க விடுவதா, திருப்பி அனுப்புவதா என்பது குரோய்டனின் கையில் இருந்தது. 'குரோய்டன் கூப்பிட்டிட்டுது', 'குரோய்டன் என்ன சொல்லுதோ' என்று பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசியதால், அது குடிவரவு அலுவலகம் இருக்கும் ஓர் இடம் என்று எனக்குத் தெரியவில்லை. கறுப்புத் தொப்பி போட்ட ஒரு பெரிய ஆள் என்று நினைத்திருந்தேன். திருப்பி அனுப்பினால் தம்பியை உயிரோடு விடமாட்டார்கள் என்று அம்மா யாருக்கோ தொலைபேசியில் சொன்னதைப் படியில் இருந்து கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு மணி அடித்தால் நானும் பின்கதவைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை மாமாவுக்கு அங்கே விசாரணை. மாமாவுக்காக வாதாடும் லோயர் சொல்லி அனுப்பியதில் ஒரு விஷயத்தை அப்பா மந்திரம் போல் பிடித்துக்கொண்டார். எங்கள் ஆட்கள் ஓம் என்பதற்கும் தலையை இரண்டு பக்கமும் ஆட்டுகிறார்கள், வெள்ளைக்காரர்களுக்கு அது இல்லை என்று படுகிறது, ஆகையால் எதுவானாலும் வாயால் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வாரம் முழுக்க வீட்டில் அதுதான் பயிற்சி. "தேத்தண்ணி வேணுமோ?" என்று அப்பா அதிகாரியின் குரலில் கேட்பார். மாமாவின் தலை தன்பாட்டில் ஆடும். "தலையாட்டாதை மச்சான், வாயாலை சொல்லு," என்பார் அப்பா. எனக்குச் சிரிப்பாக இருந்தது. மாமா சிரித்து நான் காணவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படம் போட்டார்கள். கொள்ளைக்காரர் ஓர் ஊரைப் பிடிக்கிறார்கள். ஊர்க்காவல் தலைவனான செரீப்புக்கு உதவியவர்கள் யார் என்று அறிய, ஊர்க்காரன் ஒருவனின் முகத்தைச் சாக்குப்பையால் மூடி, குதிரைவண்டியில் இருத்துகிறார்கள். ஊர்ச்சனம் ஒவ்வொருவராக அவன் முன்னால் நடந்து போக வேண்டும். அவன் தலையாட்டினால் அந்த ஆள் முடிந்தான். சாக்கில் இரண்டு ஓட்டைகள், அவற்றுக்குள் இரண்டு கண்கள். நான் குஷனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அம்மா எழுந்து குசினிக்குப் போய்விட்டார். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

பழைய படத்தில் அவன் தலையாட்டிவிடுவானாம். பலர் சாவார்களாம், பிறகு கதாநாயகன் வந்து பழிவாங்குவானாம். அப்பாவுக்குக் கைதட்ட நிறைய இடம் இருந்திருக்கும். புதுப் படத்தில் அவன் ஆட்டவில்லை. ஆள் மாறி ஆள் வந்து போகிறார்கள், சாக்கு அசையவே இல்லை. கடைசியில் கொள்ளைக்காரத் தலைவன் பொறுமை இழந்து அவனைச் சாக்கோடு சேர்த்துச் சுடுகிறான்.

"விசரங்கள், கதையையே மாத்திப்போட்டாங்கள்," என்றார் அப்பா. "பழசின்ரை கிட்டவும் வராது."

அப்பா என்ன சொன்னாலும் ஒத்துக்கொள்ளும் மாமா அன்றைக்கு, "இல்லை அத்தான். இதுதான் திறம்," என்றார். பிறகு மிகவும் தயங்கி, "அந்த இடத்தை ஒருக்காத் திருப்பிப் போடுவியளே?" என்று கேட்டார். அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

எனக்குக் கோபம் வந்தது. "அவனைச் சுட்டுப்போட்டாங்கள். பிறகென்ன மாமா திறம்?"

"அவன் தலையாட்டேல்லைத்தானே பிள்ளை."

அதற்குப் பிறகு சாக்குக்காரன் எங்கள் வீட்டில் குடியேறிவிட்டான். மாடிப்படியின் திருப்பத்தில் நின்றான், குளியலறைக் கதவுக்குப் பின்னால் நின்றான். கொளுவியிருந்த அப்பாவின் மழைக்கோட்டுக்குள்ளும் அவன்தான். குரோய்டனும் அவனும் ஒரே ஆள்தான் என்று எப்படியோ முடிவு செய்துவிட்டேன். திங்கட்கிழமை மாமாவை அவன் முன்னால் நடத்துவார்கள், அவன் தலையாட்டுவான்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு யோசனை வந்தது. சாக்குக்காரன் நானே ஆகிவிட்டால் பிறகு யாருக்குப் பயப்படுவது? வெறுமையாகக் கிடந்த பாஸ்மதி அரிசிப் பையில் கத்தரிக்கோலால் இரண்டு ஓட்டை வெட்டித் தலையில் போட்டுக்கொண்டேன். உள்ளே அரிசித் தூசி மணத்தது. முன்னறையில் மாமா அடுத்த நாளுக்கான சேட்டை அயன் பண்ணிக்கொண்டிருந்தார். வாசலில் போய்ச் சத்தமில்லாமல் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் மெதுவாகத் தலையை ஆட்டினேன்.

அவர் கத்தவில்லை. கையிலிருந்த அயன் பெட்டி சேட்டின் மேலேயே நின்றுவிட்டது. பிறகு ஒரே பாய்ச்சலில் வந்து முழங்காலில் விழுந்து பையை இழுத்துக் கழற்றினார். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, யார் என்று தெரியாதவர் போல் பார்த்தார். அந்தப் படத்தில் வந்த எதைக் கண்டும் நான் அவ்வளவு பயந்ததில்லை.

"ஆட்டாதை," என்றார். "ஆட்டாதை பிள்ளை. ஆர் என்ன செய்தாலும் ஆட்டாதை."

அது லோயர் சொன்ன பாடம் என்று நினைத்து, "ஓம் மாமா, வாயாலை சொல்லுறன்," என்றேன். அவர் அழத் தொடங்கினார். சேட்டு கருகும் மணத்துக்கு அம்மா ஓடிவந்து, என்னையும் பையையும் பார்த்து, அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். எனக்கு அடி விழாதது அதிசயமாக இருந்தது.

அழுகை அடங்கியபின் மாமா பையை மடியில் வைத்து, ஓட்டைகளைப் பெருவிரலால் தடவினார். "கண்ணுக்கு வெட்டியிருக்கிறாய், மூக்குக்கு வெட்டேல்லை," என்றார். "உள்ளுக்கை மூச்சு முட்டும். வேர்வை கண்ணுக்குள்ளை வடியும், துடைக்க ஏலாது." கௌபாய் விஷயத்தில் அப்பாவைவிட மாமாதான் கெட்டிக்காரர் என்று நான் பெருமைப்பட்டேன்.

திங்கட்கிழமை மாமா அப்பாவின் தொளதொளத்த சேட்டைப் போட்டுக்கொண்டு குரோய்டனுக்குப் போனார். பின்னேரம் திரும்பி வந்தபோது, "தலையாட்டினியோ?" என்று அப்பா பகிடியாகக் கேட்டார். மாமா முகம் கழுவப் போனார். பல மாதங்களுக்குப் பிறகு, மாமா இந்த நாட்டிலேயே இருக்கலாம் என்று பதில் வந்தது. இன்றைக்கும் அவர் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார், என் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்கிறார்.

தலையாட்டி என்ற சொல்லை நான் வளர்ந்த பிறகே கேள்விப்பட்டேன். போர்க்காலத்தில் இராணுவத்தினர் ஊர்ச்சனத்தை வெயிலில் வரிசையாக விட்டு, முகம் மூடிய ஒருவனைக் கொண்டுவந்து இருத்துவார்கள். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அந்த ஆளைக் கொண்டுபோவார்கள், அப்படிப் போனவர்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. அதை அறிந்த அன்று அம்மாவிடம் போய், மாமாவையும் அப்படி வரிசையில் விட்டார்களா என்று கேட்டேன்.

"வரிசையிலையோ?" என்றார் அம்மா. "அவனை வரிசையிலை விடேல்லை பிள்ளை."

மூக்குக்கு ஓட்டை வெட்டாத பைக்குள் வேர்வை எங்கே வடியும் என்பது வரிசையில் நின்றவனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. புதுப் படத்தில் தலையாட்டாதவனைச் சுட்டுவிடுகிறார்கள். மாமா எங்கள் வீட்டு முன்னறையில் உயிரோடு இருந்தார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒன்பது வயது எனக்குப் போதவில்லை.